ஒரே கையில் மடிக்கிற வண்டி

அந்த வண்டியப் பில்லுக்கு அனுப்பறதுக்கு முன்னால ஒரு நிமிஷங்க தம்பி. தப்பா நெனச்சுக்காதீங்க. நான் கடைக்காரன் இல்லீங்க, உங்களாட்ட வாங்க வந்த ஆளுதான். விக்கிற பொண்ணு உங்ககிட்ட, "ஒரே கையில மடிச்சுடலாம் சார், ரயில்ல போறதுக்கு இதவிட நல்ல ஸ்ட்ரோலர் கெடையாது"ன்னு சொன்னது என்ற காதுல விழுந்துச்சு. அதான் வந்தேன்.

உங்க வீட்டம்மா அந்தப் பக்கம் தொட்டில் பாத்துட்டு இருக்காங்க போல. இருக்கட்டும், அவங்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன். பொம்பளைங்க காதுல இது விழ வேண்டாம், பயந்துக்குவாங்க.

என்ற பேரு மாசிலாமணிங்க. இங்க கணபதியிலதான் வீடு, ஒரு பம்பு கம்பெனியில குவாலிட்டி செக்கிங். பத்தொம்போது வருசமா அதான் வேலை. ஒரு பொருளக் கையில எடுத்தா அதுல எது சரியில்லைன்னு மூணு நிமிஷத்துல சொல்லிடுவேன். பாஸா ரிஜெக்டா, ரெண்டுல ஒண்ணு. நான் பாஸ் போட்ட பொருளு திரும்பி வந்ததா சரித்திரமே இல்லீங்க. அதனால வண்டியப் பத்தி நான் சொல்றத வெளையாட்டா எடுத்துக்காதீங்க.

என்ற சம்சாரம் வசுமதி, நர்சு. போன வருசம் அவளுக்கு கவர்மெண்டு போஸ்டிங் வந்துச்சு. எங்கன்னா, தஞ்சாவூருக்கும் அந்தாண்ட ஒரு சின்ன ஊரு. வேண்டாம்னு சொல்ல முடியுங்களா? பன்னண்டு வருசம் காத்துட்டு இருந்த வேலை. சின்னவன் அதியனுக்கு அப்ப ஒண்ணேகால் வயசு. பெரியவ நறுமுகைக்கு நாலு முடிஞ்சிருந்துச்சு. முகைன்னுதான் கூப்பிடுவோம். வசுமதிக்குக் குவார்ட்டர்ஸ் கெடைக்கற வரைக்கும் கொழந்தைங்க எங்கூட இருக்கட்டும்னு முடிவாச்சு. பக்கத்து வீதியில எங்கக்கா இருக்கு, பகல்ல பாத்துக்கும். பதனஞ்சு நாளைக்கு ஒருக்கா நான் ரெண்டையும் கூட்டீட்டு ரயில்ல போயி அம்மாகிட்டக் காட்டீட்டு வரோணும்.

ஒத்த ஆளு, ரெண்டு கொழந்தைங்க. உங்களுக்கு ஒண்ணுதானே, அதனால தெரியாது. ஒண்ணு தோள்ல தூங்கும், ஒண்ணு ஒண்ணுக்கு வருதுங்கும். ரெண்டு கைதான் இருக்கு. பைய எதுல தூக்கறது?

மொதல்ல ஒரு வண்டி வாங்குனேன். பெரிய சக்கரம், மேல குடை, பால் பாட்டில் வெக்க எடம், எல்லாம் இருந்துச்சு. ராஜா பல்லக்காட்டம் இருக்கும். கோச்சுக்குள்ள சீட்டுக்குப் போற வழியில நொழையல. கழிவறை பக்கத்துலயே நிறுத்தி, ஆறு மணி நேரம் நான் அதுங்கூடவே நின்னுட்டு வந்தேன். போறவன் வர்றவன் எல்லாம் காலுல இடிச்சுட்டுத் திட்டீட்டுப் போறான். அன்னிக்கே முடிவு பண்ணீட்டேன், இனி அளக்காம ஒண்ணும் வாங்கறதில்லைன்னு.

அடுத்த தடவ போறப்ப டேப்பு எடுத்துட்டுப் போனேன். சீட்டுக்கு அடியில எத்தன ஒசரம், ரெண்டு சீட்டுக்கு நடுவுல எத்தன அகலம், வாசப்படி எத்தன, எல்லாம் நோட்டுல குறிச்சுக்கிட்டேன். எதுத்தாப்புல ஒருத்தரு, "ரயில வாங்கப் போறீங்களா?"ன்னு சிரிச்சாரு. சிரிக்கட்டும். ஒரு மாசம் கடை கடையா ஏறி எறங்கி, இதே கடையில, இதே எடத்துல, இதே மாடல எடுத்தேன். ஆறு கிலோதான். மடிச்சா சீட்டுக்கு அடியில சரியாப் போகுது. பிடியில ஒரு பட்டன் இருக்குது பாருங்க, அத அமுக்கித் திருப்புனா அதுவா மடிஞ்சு உக்காந்துக்கும். ஒரே கை.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி நான் சும்மா இருக்கலீங்க. பன்னண்டு கிலோ அரிசியப் பையில கட்டி உக்கார வெச்சு, எங்க வீதி மேட்டுல ஏத்தி எறக்குனேன். பிரேக் புடிக்குதான்னு சரிவுல விட்டுப் பாத்தேன். எடது கையில அரிசி மூட்டை, வலது கையில வண்டி. மடி, விரி. மடி, விரி. ஃபோன்ல டைம் வெச்சுக்கிட்டு நாப்பது தடவ. கடைசியில நாலு செகண்டுக்கு வந்துச்சு. அக்கா வாசல்ல நின்னு பாத்துட்டு, "ஏண்டா, உனக்குப் பைத்தியமா?"ன்னு கேட்டுச்சு. நான் சரியாத்தான் பண்ணுனேன். வேற எந்த அப்பன் இத்தன பாப்பான், சொல்லுங்க?

வண்டி பாஸாயிருச்சு. இனி புள்ளை. முகை ஓடற புள்ளைங்க. தும்பியாட்டம். பிளாட்பாரத்துல ஓடுனா என்ன ஆகுறது? அதனால வண்டிப் பிடியில அவளுக்குன்னு ஒரு எடம் காட்டுனேன். "சாமி, இங்க ரெண்டு கையாலயும் புடிச்சுக்கோணும். வண்டி எங்க போகுதோ நீயும் அங்கதான். என்ன ஆனாலும் விடக்கூடாது"ன்னேன். சரிங்கப்பான்னா. சொன்னாப் போதுமா? டெஸ்ட் பண்ணிப் பாக்கோணுமில்ல? வீதியில தள்ளீட்டுப் போறப்ப திடீர்னு, "முகை, வுடு! வுட்டுட்டு அப்பாகிட்ட ஓடியா!"ன்னு கத்துவேன். மொத நாளு வுட்டுட்டு ஓடி வந்தா. "பாத்தியா, ஏமாந்துட்டே. அப்பாவே சொன்னாலும் வுடக்கூடாது"ன்னேன். அடுத்த நாளும் ஏமாந்தா. மூணாம் நாளு வுடல. நான் எப்படிக் கத்துனாலும் பிடிய இறுக்கிக்கிட்டுச் சிரிப்பா. ஒரு சாக்லேட் குடுப்பேன். அப்பறம் ஒரு தடவகூட ஏமாந்ததில்லீங்க. நாலு வயசுப் புள்ளை! எங்க கம்பெனியில டிப்ளமோ படிச்ச பசங்களுக்கு ஒரு வெசயத்த ஆறு மாசம் சொன்னாலும் ஏறாது.

மூணு தடவ போயிட்டு வந்தோம். ஒரு கொறை இல்ல. நாலாவது தடவைதான்.

ஞாயித்துக்கெழமை, மத்தியானங்க. திரும்பி வர்றோம். வசுமதிக்கு டூட்டி, ஸ்டேஷன் வாசல்ல ஆட்டோவுல எறக்கி விட்டுட்டு அதே ஆட்டோவுல போயிட்டா. போறப்ப ஒரு துணிப்பைய வண்டிப் பிடியில மாட்டி விட்டா. நார்த்தங்கா ஊறுகா, முகைக்கு ரெண்டு கவுனு, அக்காவுக்குன்னு ஏதோ. நான் தோள்ல மாட்டிக்கறேன்னேன். "இருக்கட்டுங்க, ஏற்கெனவே ஒரு பை மாட்டியிருக்கீங்க"ன்னா. அந்தப் பைதாங்க. நல்லாக் கேட்டுக்கோங்க, அந்தப் பைதான். நான் நாப்பது தடவ மடிச்சுப் பாத்தப்ப பிடியில பை இல்ல.

அந்த ஸ்டேஷன்ல ரயில் ரெண்டே நிமிஷந்தான் நிக்கும். எங்க கோச்சு நடுவுல வரும்னு நெனச்சு நின்னோம். அது எங்களத் தாண்டி, அந்தக் கோடிக்குப் போயி நின்னுருச்சு. ஓடுனோம். அதியன் வண்டியில, முகை பிடியப் புடிச்சுட்டு எம்பக்கத்துலயே ஓடியாறா. அவளுக்கு வெளையாட்டாத்தான் இருந்துச்சு. நான் பாத்தேன், சிரிச்சுட்டுத்தான் ஓடியாந்தா.

கோச்சு வாசலுக்கு வந்தாச்சு. அதியன எடது கையில தூக்கீட்டேன். வலது கையால பட்டன அமுக்கறேன். திரும்ப மாட்டேங்குது. ஊறுகா பாட்டில் கனம் பிடிய ஒரு பக்கமா இழுத்துட்டு நிக்குது. மறுக்கா அமுக்கறேன். உஹும். அப்ப ஊதல் கேட்டுச்சு. வாசல்ல ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க, கண்ணாடி போட்டவங்க. "புள்ளையக் குடுங்க சார், புள்ளையக் குடுங்க"ன்னு கைய நீட்டுனாங்க. அதியனக் குடுத்துட்டேன். துணிப்பையப் புடுங்கி உள்ள வீசுனேன். இப்ப ரெண்டு கையும் இருக்கு, பிடியில கனம் இல்ல, இப்ப மடியோணுமில்ல? அமுக்குனேன். ஒரு பக்கந்தான் மடிஞ்சுது. இன்னொரு தடவ அமுக்குனேன்.

ரயில் நவுந்துருச்சுங்க.

எப்படி ஏறுனேன்னு கேட்டா எனக்குத் தெரியாது. உள்ள ஒரு கொழந்தை இருக்குது, வேற யாரோ கையில இருக்குது, அது ஒண்ணுதான் தலையில ஓடுச்சு. கம்பியப் புடிச்சுட்டேன், காலு படியில இருக்குது. திரும்பிப் பாத்தா முகை கீழ. ரெண்டு கையாலயும் வண்டியப் புடிச்சுட்டு நிக்கறா.

"முகை, வுடு! வண்டிய வுட்டுட்டு அப்பா கையப் புடி!"ன்னு கத்துனேன்.

அவ சிரிச்சாளுங்க தம்பி.

சிரிச்சுட்டு, பிடிய இன்னும் இறுக்கிப் புடிச்சா. நான் போற பக்கமே வண்டியத் தள்ளிக்கிட்டு நடக்க ஆரம்பிச்சா. ரயில் வேகமாகுது, அவ ஓடறா. பாதி மடிஞ்ச வண்டி கோணலா ஓடுது. ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவுல சந்து இருக்குதில்லீங்களா, அந்தப் பக்கமாச் சாஞ்சு சாஞ்சு வருது. "வுடு சாமி! வுடு! நெசமாச் சொல்றேன், வுடு!" என்ற தொண்டை கிழியுது. அவ தலையத் தலைய ஆட்டறா, வுட மாட்டேன்னு. மொகம் பூராச் சிரிப்பு. அப்பாவ ஜெயிக்கறாளாமா. நான் கத்தக் கத்த அவ இன்னும் இறுக்கிப் புடிக்கறா, அது எனக்குத் தெரியுது. தெரிஞ்சும் வாயி கத்தீட்டே இருக்குது. என்ன சொன்னா வுடுவான்னு எனக்கே தெரியலீங்க. அதுக்குன்னு ஒரு வார்த்தை நான் சொல்லிக் குடுக்கவே இல்ல.

பொறகால இருந்து ரெண்டு மூணு பேரு என்ற சட்டையப் புடிச்சு உள்ள இழுக்கறாங்க. குதிச்சுருவேன்னு பயந்துட்டாங்க. யாரோ சங்கிலிய இழுங்கன்னு கத்தறாங்க. நான் தலைய நீட்டறதுக்குள்ள டம்முன்னு ஒரு சத்தம். இரும்புல இரும்பு மோதற சத்தம். அப்பறம் ரயில் வளைவுல திரும்பீருச்சு. பிளாட்பாரம் தெரியல. ஒண்ணும் தெரியல.

சங்கிலிய இழுத்து ரயில் நிக்கறதுக்கு எத்தன நேரம் ஆச்சுன்னு நீங்க கேப்பீங்க. ஒரு நிமிஷமா இருக்கும். எனக்குத் தெரியாதுங்க. அந்தச் சத்தம் மட்டும் உள்ளுக்குள்ள மறுக்கா மறுக்காக் கேட்டுட்டே இருந்துச்சு. இப்பவும் கம்பெனியில ஒரு ஸ்பேனர் கீழ விழுந்தா நான் செவுத்தப் புடிச்சுட்டுத்தான் நிக்கறேன்.

நின்னதும் குதிச்சேன். ஜல்லியில ஓடறேன், ஒரு செருப்பு எங்கயோ போச்சு. பாதித் தூரம் ஓடுனப்பறந்தான் அதியன் ஞாபகம் வருது. உள்ள, யாரு எவருன்னு தெரியாத அம்மா கையில இருக்கறான். ரயில் கெளம்பீருச்சுன்னா? நின்னுட்டேங்க. நடுத் தண்டவாளத்துல நின்னுட்டேன். அந்தப் பக்கம் போறதா, இந்தப் பக்கம் போறதா? எதிரிக்குக்கூட அப்படி ஒரு நிலைமை வரக்கூடாதுங்க.

முகை பக்கந்தான் ஓடுனேன்.

பிளாட்பாரக் கோடியில கூட்டமா நிக்கறாங்க. வண்டி கீழ ஜல்லியில நசுங்கிக் கெடக்குது, ஒரு சக்கரம் தனியா. கூட்டத்த வெலக்கீட்டுப் போறதுக்கு எனக்குத் தைரியம் வரல. சொன்னா நம்ப மாட்டீங்க, கூட்டத்துக்கு வெளியவே நின்னுட்டேன், யாராவது சொல்லட்டும்னு. ஒரு பெரியவரு திரும்பிப் பாத்து, "புள்ள நல்லாருக்கு, போங்க"ன்னாரு. அப்பத்தான் உள்ள போனேன்.

ஸ்டேஷன் கூட்டற அம்மா ஒருத்தங்க தரையில உக்காந்திருக்காங்க. அவங்க மடியில முகை. ஓடிப் போயி இடுப்போட சேத்துத் தூக்கியிருக்காங்க. இவ வண்டிய வுட மாட்டேன்னு அவங்க கையக் கடிச்சு வெச்சுட்டா. அதுக்குள்ள ரயில் படி வண்டியில மாட்டி இழுத்துருச்சு. பிடி மேல ஒரு ரப்பர் உறை இருக்குமில்ல, அது உருவீட்டு வந்துருச்சு. வண்டி போச்சு, உறை மட்டும் அவ ரெண்டு கையில. அந்த உறை லூசா இருக்குதுன்னு வாங்குன அன்னிக்கே பாத்தேன். பசை போட்டு ஒட்டோணும்னு இருந்தேன், மறந்துட்டேன். ஒட்டியிருந்தேன்னா?

ஒட்டியிருந்தேன்னாங்கற எடத்துல எனக்கு நெனப்பு நின்னு போகுதுங்க. அதுக்கு மேல போகாது.

என்னப் பாத்ததும் முகை அந்த உறைய நீட்டிக் காட்டறா. "அப்பா, நான் வுடவே இல்ல"ன்னா.

அதியன அந்தக் கண்ணாடிக்கார அம்மா எறக்கிக் கொண்டாந்துட்டாங்க. அவங்களும் ரயில விட்டுட்டாங்க. பேருகூடக் கேக்கலீங்க நான்.

சாயங்காலம் வசுமதிக்கு ஃபோன் பண்ணிச் சொன்னேன். மறைக்கல. அந்தப் பைதான் காரணம், நீ மாட்டி விட்ட பைன்னும் சொன்னேன். உள்ளதத்தானே சொல்லோணும்? அவ அழுகல, கத்தல. எல்லாத்தையும் கேட்டுட்டு, "மொதல்ல எதத் தூக்கி உள்ள குடுத்தீங்க?"ன்னா.

"அதியன"ன்னேன்.

"அப்பறம்?"

"பைய."

"அப்பறம்?"

"வண்டிய மடிக்கப் பாத்தேன்."

ஃபோன வெச்சுட்டா. மூணாம் நாளு லீவு போட்டுட்டு வந்தா. ஒரு வார்த்தை திட்டலீங்க. திட்டியிருந்தாத் தேவலை. கொழந்தைங்க துணிமணியெல்லாம் எடுத்து வெச்சா, ரெண்டையும் கூட்டீட்டுப் போயிட்டா. வாடகைக்கு வீடு பாத்து, பக்கத்துலயே பகல்ல பாத்துக்க ஒரு ஆளும் போட்டுட்டா. இப்ப நான்தான் போயிட்டு வர்றேன், ஒத்தையில. ரயில்ல ஏறுனா சன்னல் பக்கம் திரும்ப மாட்டேன்.

முகை நல்லாத்தான் இருக்கா. தொந்தரவே இல்ல. முன்னாடி ஓடுவான்னேனில்ல, இப்ப ஓடறதே இல்ல. உக்காந்த எடத்துலயே உக்காந்திருப்பா. நல்ல பழக்கந்தானே? "வா சாமி, கடைக்குப் போலாம்"ன்னா மட்டும் அவங்கம்மா மொகத்தப் பாப்பா. அவங்கம்மா தலையாட்டுனாத்தான் எந்திரிப்பா.

போன வாரம் அந்த ஸ்டேஷன்ல எறங்குனப்ப அந்தக் கூட்டற அம்மாவத் தேடிப் போனேன். பாக்கியவதின்னு பேரு. ஒரு சேலை எடுத்துட்டுப் போயிருந்தேன். வாங்க மாட்டேன்னாங்க, வற்புறுத்திக் குடுத்தேன். பல்லு பட்ட தழும்பக் காட்டிச் சிரிச்சாங்க. "பாப்பா எப்படி சார் இருக்கு, ராவுல தூங்குதா?"ன்னு கேட்டாங்க. நல்லாத் தூங்கறான்னேன். எனக்கு எப்படித் தெரியும், நான் இங்கதானே இருக்கேன். இருந்தாலும் சொல்லி வெச்சேன்.

அப்ப அந்த அம்மா சொல்றாங்க: "நீங்க ஓடியாறதுக்கு முன்னாடி மடியில உக்காந்துகிட்டு அது என்னா சொல்லுச்சு தெரியுமா சார்? ஒடம்பு பூரா நடுங்குது. அடிபட்டிருக்கா கண்ணுன்னு கேக்குறேன், அது காதுல வாங்கல. வண்டி ஒடஞ்சு போச்சே, எங்கப்பா திட்டுவாரா, எங்கப்பா திட்டுவாரான்னு அதையே கேட்டுச்சு சார். நீங்க வர்றதப் பாத்ததும் கண்ணத் தொடச்சுகிட்டுச் சிரிச்சுச்சு."

நான் அந்தப் புள்ளைய ஒரு நாளு திட்டுனதில்லீங்க தம்பி. ஒரு நாளு. அக்காவ வேணா கேளுங்க.

"திட்ட மாட்டேன்னு சொல்லீருங்கம்மா"ன்னேன், என்னமோ புள்ளை இன்னும் அவங்க மடியிலயே உக்காந்திருக்கறாப்புல. அந்த அம்மா என்ன ஒரு மாதிரி பாத்தாங்க. "நான் அன்னிக்கே சொல்லிட்டேன் சார். நீங்க போயிச் சொல்லுங்க"ன்னாங்க.

அங்கிருந்து வசுமதி வீட்டுக்குப் போனேன். முகை வாசல்ல பென்சிலு சீவீட்டு உக்காந்திருந்தா. பக்கத்துல உக்காந்தேன். நாலு மணி நேரம் இருந்தேன். வாயி வரல. கெளம்பறப்ப வசுமதிதான் சொன்னா, "அதியனத் தூக்கீட்டு நடக்க முடியல, அடுத்த தடவ வர்றப்ப வண்டி ஏதாவது ஒண்ணு வாங்கீட்டு வாங்க, எதுன்னாலும் சரி"ன்னு. அதுக்குத்தான் மூணு நாளா இந்தக் கடைக்கு வந்து வந்து நிக்கறேன். பிடியில கைய வெக்கறேன், எடுத்துடறேன். அந்த விக்கிற பொண்ணு நான் திருட வந்த ஆளுன்னு நெனச்சுருக்கும்.

அந்தா, உங்க வீட்டம்மா கூப்புடறாங்க. போங்க. நீங்க எந்த வண்டிய வேணா எடுங்க தம்பி, என்கிட்டக் கேக்காதீங்க.

நாளைக்குக் காலையில போறேன். நாளைக்குச் சொல்லிடோணும். அது பெரிய வெசயம் இல்லீங்க, நாலு வார்த்தைதானே. அப்பா திட்ட மாட்டேன் சாமி. அவ்வளவுதான். நான் சொல்லிடுவேன். கேட்டுட்டு அவ தலையாட்டுவா, நல்ல புள்ளை, எதச் சொன்னாலும் தலையாட்டும். ஆனா நான் சொல்றத அவ நம்போணுமில்லீங்களா. அதுதான் பயமா இருக்குது.